எந்த ஊரிலிருந்து நடக்கத் தொடங்குவது? சாந்தியாகோ பாதயாத்திரை: வாசகர் கேள்வி–பதில்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கிறது சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பேராலயம். இயேசுவின் சீடர் யாக்கோபு அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பதாக நம்பிக்கை. நம் கடலோர ஊர்களில் சந்தியாகப்பர் என்று கும்பிடப்படுபவர் அவர்தான். அவரைத் தேடிப் போகும் பழைய நடைவழிகளுக்குப் பொதுப்பெயர் ‘கமீனோ’. பிரெஞ்சு வழி, போர்ச்சுகல் வழி, வடக்கு வழி, ஆங்கில வழி என்று பல உண்டு. இவற்றில் அதிகம் பேர் நடக்கும் பிரெஞ்சு வழி, பிரான்சின் சேன் ஜான் பியே த போர் என்ற சிற்றூரிலிருந்து சுமார் 780 கி.மீ. நீளம். முழுவதையும் நடக்க 30 முதல் 35 நாள் பிடிக்கும். அவ்வளவு விடுமுறை பலருக்கும் கிடைப்பதில்லை. அதனால்தான் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன: எந்தப் பகுதியை மட்டும் நடப்பது?

கேள்வி: எங்களுக்கு வயது 63, 58. மொத்தமே 12 நாள்தான் ஒதுக்க முடியும். யாத்திரைச் சான்றிதழும் வேண்டும். எல்லோரும் சாரியாவிலிருந்து நடக்கச் சொல்கிறார்கள். அதுதான் சரியா? (தம்பதியர், கோவை)

முதலில் கணக்குப் போட்டுவிடுவோம். போக 2 நாள், வர 2 நாள், சாந்தியாகோவில் 1 நாள். மீதி 7. அதில் ஒரு நாளைக் கையிருப்பாக வையுங்கள். காய்ச்சலோ கொப்புளமோ கனமழையோ வந்தால் அந்த நாள்தான் உங்களைக் காப்பாற்றும். ஆக, நடக்க 6 நாள். உங்கள் வயதில் ஒரு நாளைக்கு 20 கி.மீ. என்று வைத்தால் 120 கி.மீ. வரும். சான்றிதழுக்குக் குறைந்தது 100 கி.மீ. நடந்து சாந்தியாகோவை அடைய வேண்டும். எனவே உங்களுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு: பிரெஞ்சு வழியில் சாரியா, போர்ச்சுகல் வழியில் துய். இரண்டுமே ஏறக்குறைய 115 கி.மீ.

சாரியாவில் வசதி அதிகம். மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஒரு காப்பிக்கடை, வேண்டிய மட்டும் தங்குமிடம், பையைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த ஊரில் சேர்க்கும் சேவை. கூட்டமும் அதே அளவு. 2024இல் ஏறக்குறைய 5 லட்சம் பேர் சாந்தியாகோ சேர்ந்தார்கள். அவர்களில் பத்துக்கு மூன்று பேர் புறப்பட்ட இடம் சாரியா. காலை எட்டு மணிக்குப் பாதையில் வரிசை கட்டி நடப்பார்கள். வழிகாட்டிப் புத்தகங்கள் இந்தத் தூரத்தை 5 நாளாகப் பிரிக்கின்றன. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் பாலஸ் தெ ரெயிலிருந்து அர்சுவா வரை ஒரே நாளில் 29 கி.மீ. வருகிறது. பெரிய மலை எதுவும் இல்லை, ஆனால் ஓடைக்கு இறங்கி மேட்டுக்கு ஏறி, மறுபடி இறங்கி என்று நாள் முழுக்க ஆளைக் கரைக்கும். மெலிதே ஊரில் இரவு தங்கி அதை 15, 14 என்று இரண்டாக உடைத்தால் மொத்தம் சரியாக 6 நாள்: போர்த்தொமரின் 22, பாலஸ் 25, மெலிதே 15, அர்சுவா 14, ஒ பெத்ரூசோ 19, சாந்தியாகோ 20. முதல் நாள் கடைசியில் ஒரு சோதனை உண்டு. பழைய போர்த்தொமரின் 1960களில் அணை நீரில் மூழ்கிவிட்டது. ஊரையும் கோயிலையும் மேட்டில் எடுத்துக் கட்டினார்கள். அதனால் நீண்ட பாலத்தைக் கடந்ததும் நெட்டாக ஒரு கல் படிக்கட்டு எதிரில் நிற்கும். 22 கி.மீ. நடந்த காலுக்கு அது பெரிதாகத்தான் தெரியும். நின்று நின்று ஏறுங்கள்.

துய் வழியில் ஏற்ற இறக்கம் குறைவு, கூட்டமும் குறைவு. குறை என்னவென்றால் தார்ச்சாலையும் கல் பாவிய தெருவும் கூடுதல்; உள்ளங்காலுக்குக் கொஞ்சம் கடுமை. முதல் நாள் ஒ பொரீஞோவுக்கு முன்னால் தொழிற்பேட்டை வழியாகப் போகும் நேர்ச்சாலையை விட்டுவிட்டு லோரோ ஆற்றோர மரநிழல் பாதையில் திரும்புங்கள். பிறகு ரெதொந்தேலா, பொந்தெவேத்ரா, கால்தாஸ் தெ ரெய்ஸ், பத்ரோன் என்று ஒவ்வொன்றும் 15 முதல் 22 கி.மீ.க்குள் அடங்கும். கால்தாஸ் வெந்நீர் ஊற்றுள்ள ஊர், மாலையில் கால் நனைக்கலாம். பத்ரோனில் யாக்கோபின் உடலைக் கொண்டுவந்த படகைக் கட்டியதாகச் சொல்லப்படும் கல் கோயில் பீடத்துக்குக் கீழே இருக்கிறது, பார்க்காமல் வராதீர்கள். கடைசி நாள் 25 கி.மீ. சற்று நீளம், கையிருப்பு நாள் செலவாகாமல் இருந்தால் தெயோவில் ஒரு இரவு தங்கிப் பிரித்துக்கொள்ளலாம்.

எங்கள் யோசனை துய். போர்ட்டோவுக்கு விமானத்தில் வந்து, ரயிலில் வலென்சா இறங்கி, மீன்யோ ஆற்றின் இரும்புப் பாலத்தில் நடந்தே எல்லை தாண்டினால் துய் வந்துவிடும். அதையே உடம்பைச் சோதிக்கும் முதல் நடையாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முட்டி நன்றாக இருந்து பாதம் மென்மையாக இருப்பவர்களுக்கு மண்பாதை அதிகமுள்ள சாரியாதான் மேல்.

கேள்வி: 11 வருடமாகத் தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறேன். வெறுங்காலில் ஒரு இரவில் 40 கி.மீ. சாதாரணமாகப் போவேன். எனக்குச் சேன் ஜானிலிருந்து தொடங்கினால் என்ன? தினம் 35 வைத்துக்கொள்ளலாமா? வெறுங்காலில் போக முடியுமா? (காரைக்குடி வாசகர்)

உங்கள் காலைப் பற்றி எங்களுக்குச் சந்தேகமே இல்லை. வித்தியாசம் பாரத்திலும் சரிவிலும் இருக்கிறது. பழனிப் பாதயாத்திரையில் உங்கள் மூட்டை பெரும்பாலும் வண்டியில் வரும், வழியெல்லாம் அன்னதானப் பந்தல், பாதை சமதளம், நடப்பது வெயில் தாழ்ந்த பிறகு. கமீனோவில் 6 அல்லது 7 கிலோ முதுகில் ஏறும். பந்தல் கிடையாது. பொதுத் தங்குமிடங்களைப் பகல் 1 மணிவாக்கில் திறந்து இரவு 10 மணிக்குப் பூட்டிவிடுவார்கள், ஆகவே இரவு நடைக்கு இடமில்லை.

சேன் ஜான் கடல்மட்டத்திலிருந்து சுமார் 170 மீட்டரில் இருக்கிறது. முதல் நாளே பிரனீஸ் மலையில் 1,430 மீட்டர் உயரமுள்ள லெப்போதர் கணவாய்க்கு ஏறி, ஸ்பெயினில் 950 மீட்டரில் உள்ள ரொன்செஸ்வாயெஸ் மடத்துக்கு இறங்க வேண்டும். மொத்தம் 25 கி.மீ. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். காயப்படுத்துவது இறக்கம். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்கிறது. அப்போதுதான் அதில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்கு வரும். அந்த மறுநாள்தான் சுபிரி ஊருக்கு வழுக்குப் பாறையில் இறங்க வேண்டியிருக்கிறது. தொடை தளர்ந்திருந்தால் அடி முழுவதும் முட்டியில் விழும். முதல் வாரத்திலேயே திரும்பிப் போகிறவர்கள் பலருக்கு நடந்தது இதுதான்.

தொடங்குவதானால் இப்படிச் செய்யுங்கள். முதல் நாளை 8 கி.மீ. தூரத்தில் உள்ள ஒரிசோன் விடுதியில் முடியுங்கள். இடம் சொற்பம், மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். முதல் நான்கு நாள் 20 கி.மீ.யைத் தாண்டாதீர்கள். அதன்பின் 25, 28 என்று ஏற்றலாம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இந்த மலைப்பாதையில் போகத் தடை. அப்போது கீழே வால்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போக வேண்டும். புறப்படும் முன் இங்கே பயிற்சி எடுப்பதானால் சாலையில் 40 கி.மீ. நடப்பதைவிட, 6 கிலோ பையோடு மலைக்கோயில் படிகளில் ஏறி இறங்குவது பலன் தரும். ‘விஞ்ச்’சில் ஏறிப் படியில் இறங்கினாலும் தவறில்லை, இறக்கம்தான் முக்கியம்.

வெறுங்கால் வேண்டாம். நம் தார்ச்சாலைக்குப் பழகிய பாதம், உடைந்த ஜல்லியிலும் கூர்விளிம்புள்ள பலகைக்கல் பாறையிலும் பாரத்தோடு இறங்கப் பழகியதல்ல. சாந்தியாகோ இருக்கும் கலீசியா மாநிலத்தில் மழை அதிகம். நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் பிய்ந்துவிடும். வேண்டுதல் என்றால் கடைசி 5 கி.மீ.யை, மோந்தே தொ கோசோ குன்றிலிருந்து பேராலயம் வரை, வெறுங்காலில் நடக்கலாம். பெரும்பாலும் நகரச் சாலையும் நடைபாதையும்தான்.

கேள்வி: மூன்று வாரம் கிடைக்கும். தனியாகப் போகிறேன். கடைசி 100 கி.மீ. கூட்டத்தில் மட்டும் நடக்க மனமில்லை. நல்ல மலையும் பழைய ஊர்களும் வேண்டும். (வாசகி, திருநெல்வேலி)

பிரெஞ்சு வழியில் அஸ்தொர்கா. அங்கிருந்து சாந்தியாகோ சுமார் 260 கி.மீ. 21 நாளில் பயணம் 4, ஓய்வு 1, சாந்தியாகோ 1 போனால் 15 நாள். 13 நாள் நடந்து 2 நாள் மீதம் வைக்கலாம். லெயோனிலிருந்து தொடங்கினால் 310 கி.மீ. ஆகிவிடும். அந்தக் கூடுதல் 50 கி.மீ.யில் பெரும்பகுதி நெடுஞ்சாலை ஓரம், அதற்காக மீத நாளைத் தியாகம் செய்யத் தேவையில்லை. மத்ரித்திலிருந்து அஸ்தொர்காவுக்கு ரயில் இருக்கிறது.

இந்தப் பகுதியின் இன்னொரு நன்மை, உடம்பு பழக இரண்டு நாள் மென்மையான ஏற்றம் கிடைக்கும். ராபனால் வழியாக ஃபொன்செபதோன், அதைத் தாண்டி ஏறத்தாழ 1,500 மீட்டரில் இரும்புச் சிலுவை. உயரமான மரக்கம்பத்தின் உச்சியில் சின்ன இரும்புச் சிலுவை, அடியில் யாத்ரீகர்கள் போட்ட கற்களின் குவியல். ஊரிலிருந்து ஒரு கூழாங்கல் கொண்டுபோய் வைப்பது வழக்கம். சிறியதாக எடுத்துக்கொள்ளுங்கள், முதுகில் சுமக்கப்போவது நீங்கள்தான்.

இரண்டு இடங்களில் எச்சரிக்கை. ஒன்று, சிலுவையிலிருந்து மொலினசேக்கா வரை உயரம் சுமார் 900 மீட்டர் இறங்குகிறது, பல இடங்களில் உருளும் கல். நடுவில் எல் அசேபோ கிராமத்தில் இரவு தங்கி இரண்டு நாளாக்குங்கள். மழை பெய்தால் பக்கத்திலேயே போகும் தார்ச்சாலையில் இறங்குங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. இரண்டு, வில்லஃப்ராங்காவிலிருந்து ஒ செப்ரெய்ரோ. 28 கி.மீ. என்று பார்த்து ஒரே நாளில் முடிக்க நினைப்பார்கள். ஏற்றம் முழுவதும் கடைசி 8 கி.மீ.யில், களைத்த காலுக்கு 600 மீட்டராக வந்து நிற்கும். லாஸ் எரெரியாஸ் கிராமத்தில் படுத்துவிட்டுக் காலைக் குளிர்ச்சியில் ஏறினால் அதே ஏற்றம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஒ செப்ரெய்ரோவின் பங்குத்தந்தை எலியாஸ் வாலீன்யாதான் 1984இல் மறந்துபோன வழியெங்கும் மஞ்சள் அம்புக்குறி வரைந்துகொண்டு போனவர். இன்றைக்கும் மரத்திலும் மதிலிலும் தந்திக்கம்பத்திலும் நீங்கள் தேடப்போவது அந்த மஞ்சள் அம்பைத்தான். அரை மணி நேரம் அம்பு கண்ணில் படவில்லையென்றால் கடைசியாகப் பார்த்த அம்புக்குத் திரும்பிவிடுங்கள். கலீசியாவுக்குள் நுழைந்ததும் கருங்கல் மைல்கல்கள் வரும், மீதித் தூரத்தை மூன்று தசம இடம் வரை காட்டுபவை. பெரும்பாலும் பாதை பிரியும் இடங்களில் நிற்பதால் வழி தவற வாய்ப்புக் குறைவு. 

கேள்வி: பிரெஞ்சு வழியில் புர்கோஸ் முதல் லெயோன் வரை சமவெளி, அலுப்பாக இருக்கும், பேருந்தில் தாண்டிவிடு என்கிறார்கள். தாண்டினால் சான்றிதழ் போய்விடுமா? (சென்னை)

போகாது. சாந்தியாகோவை நோக்கிய கடைசி 100 கி.மீ.யை விடாமல் நடந்து, அந்தத் தூரத்தில் ஒவ்வொரு நாளும் யாத்ரீகர் அட்டையில் இரண்டு முத்திரை வாங்கியிருந்தால் போதும். இந்த இரண்டு முத்திரையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இரவு தங்கும் இடத்தில் ஒன்று தானாகக் கிடைக்கும். இரண்டாவதைப் பகலில் ஒரு கோயிலிலோ காப்பிக்கடையிலோ கேட்டு வாங்குங்கள். 

தாண்டுவதா என்பதை மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜூலை, ஆகஸ்டில் நிழலே இல்லாத வெயில். கரியோன் ஊரைத் தாண்டினால் 17 கி.மீ.க்கு ஊரும் இல்லை, நம்பக்கூடிய தண்ணீரும் இல்லை. 2 லிட்டர் கையில் இருக்க வேண்டும். அந்த மாதங்களில் தாண்டுங்கள். ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர் பின்பாதி என்றால் தயவுசெய்து தாண்டாதீர்கள். முட்டிக்கு மிக இதமான பகுதி அதுதான். வசந்தத்தில் பச்சைக் கோதுமை அடிவானம் வரை அலை அடிக்கும். முன்னால் ஒரு கோபுரம் தெரியும், ஒரு மணி நேரம் நடந்தாலும் அது அதே தூரத்தில் நிற்பதுபோல் இருக்கும். அதற்கு மனம் பழகிவிட்டால் அந்த 180 கி.மீ.யும் அலுக்காது. சான்றிதழ் வேண்டாம் என்பவர்களுக்கு இதை மட்டும் 9 நாளில் நடக்கச் சொல்லுவோம்.

கேள்வி: முட்டைகூடச் சாப்பிடாத சுத்த சைவம். சமாளிக்க முடியுமா? (கும்பகோணம்)

முடியும், ஆனால் பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் சேர்த்து யோசியுங்கள். ஊர்கள் நெருக்கமாக உள்ள சாரியா, துய் பகுதிகள் எளிது. மலைக்கிராமங்களில் ஒரே ஒரு கடை இருக்கும், அதுவும் ஞாயிறு மூடியிருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: ‘கலவைச் சாலட்’ என்றால் மேலே சூரை மீன் இருக்கும்; கலீசியக் கீரை சூப்பில் பன்றிக் கொழுப்பு; பயறு கறியில் தொத்திறைச்சி; உருளைக்கிழங்கு அடையில் முட்டை. தைரியமாகக் கேட்கக்கூடியவை தக்காளி தேய்த்த ரொட்டி, பத்ரோன் மிளகாய் வறுவல், சீஸ் வைத்த ரொட்டி. “ஸின் கார்னே, ஸின் பெஸ்காதோ, ஸின் ஹமோன், ஸின் உவேவோ” என்று நான்கையும் சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம் என்றால் பன்றித்தொடைத் துண்டு அதில் சேராது என்று நினைப்பவர்கள் உண்டு.

சமைத்துக்கொள்ளலாம் என்றால் ஒரு விஷயம்: கலீசியாவின் அரசுத் தங்குமிடங்களில் அடுப்பு இருக்கும், பாத்திரம் பெரும்பாலும் இருக்காது. ஒரு லிட்டர் அலுமினியப் பாத்திரமும் ஒரு கரண்டியும் பையில் வேண்டும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களையும் பச்சைக் கறிவேப்பிலையையும் எடுத்துப் போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணப்பையில் கொண்டுவர அனுமதி இல்லை.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. தினமும் 5 கி.மீ. நடப்பார். அழைத்துப் போகலாமா? (மதுரை)

முதலில் மருத்துவரிடம் பாத உணர்ச்சிப் பரிசோதனை. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் போக வேண்டாம். கொப்புளம் வருவதே தெரியாமல் புண்ணாகிவிடும். உணர்ச்சி சரியாக இருந்தால் சாரியா பகுதி மட்டும், ஒரு நாளைக்கு 12 கி.மீ., பை சுமக்கும் சேவையோடு. அரசுத் தங்குமிடங்கள் அனுப்பிய பைகளை வாங்கிக்கொள்ளாது, ஆகவே தனியார் இடங்களைப் பதிவு செய்யுங்கள்.

சாப்பாட்டு நேரத்தைக் கவனியுங்கள். மதியச் சமையல் ஒன்றரைக்குத்தான் தொடங்கும், நான்கு மணிக்கு அடுப்பு அணைந்தால் பல இடங்களில் இரவு எட்டு, எட்டரைக்குத்தான் மறுபடி. மாத்திரையோ இன்சுலினோ போட்டவர் அந்த இடைவெளியில் தாழ்சர்க்கரையில் விழக்கூடும். பிஸ்கட், வாழைப்பழம், குளுக்கோஸ் பையின் வெளி அறையில் இருக்கட்டும். இன்சுலினும் மருந்துச்சீட்டும் விமானத்தில் கைப்பையில்தான். தினம் இரவு நீங்களே அவர் பாதத்தை, விரலிடுக்கு உட்பட, டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: போர்ட்டோவிலிருந்து நடந்தால் விசா எந்த நாட்டிடம் கேட்பது? (பெங்களூரு)

இரவுகளை எண்ணுங்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை அதிக நாள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும். இரண்டும் சமமானால் முதலில் நுழையும் நாடு. போர்ட்டோவிலிருந்து 240 கி.மீ. நடையில் பாதி போர்ச்சுகல், பாதி ஸ்பெயின். போர்ட்டோவில் கூடுதலாக இரண்டு இரவு சுற்றிப் பார்த்தால் கணக்கு மாறிவிடும், ஆகவே பயணத்திட்டத்தை உறுதி செய்த பிறகே விண்ணப்பியுங்கள். அரசுத் தங்குமிடத்தை முன்பதிவு செய்ய முடியாது. தங்குமிடச் சான்றுக்கு, பணம் திரும்பக் கிடைக்கும்படி தனியார் விடுதிகளைப் பதிவு செய்யுங்கள். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: நான் இந்து. சான்றிதழ் தருவார்களா? 2027இல் போகலாமா? (ஈரோடு)

மதம் தடையில்லை. யாத்ரீகர் அலுவலகத்தில் ஆன்மிக நோக்கம் என்று சொன்னால் லத்தீனில் பெயர் எழுதிய சான்றிதழ் இலவசமாகத் தருவார்கள். வெறும் நடைக்காக வந்தேன் என்றால் வேறு ஒரு சான்றிதழ். சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிறன்று வரும் ஆண்டு புனித ஆண்டு, 2027 அப்படிப்பட்டது. அந்த ஆண்டு மட்டும் திறக்கும் புனிதக் கதவு வழியாக உள்ளே போக விரும்பினால் அப்போதே போங்கள். ஆனால் சாரியாவை விட்டுவிடுங்கள். ஃபெரோலிலிருந்து வரும் ஆங்கில வழியோ, லூகோவிலிருந்து வரும் பழைய வழியோ 100 கி.மீ. நிபந்தனைக்குப் போதும். மே, செப்டம்பர் மாதங்களில் போவதானால் படுக்கையை ஆறு மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். பேராலயத்துக்குள் முதுகுப்பை அனுமதி இல்லை. விடுதியில் வைத்துவிட்டு வாருங்கள்.